பழுது பார்ப்பதா, மாற்றுவதா? டாலிகஞ்ச் டிராமும் ஒரு பழைய கேள்வியும்

தேய்ந்துபோன ஓர் இயந்திரத்தை எதுவரை பழுது பார்ப்பது, எப்போது கைவிடுவது? புளூட்டார்க் எழுதிவைத்த தீசியஸின் கப்பல் கதையில் ஏதென்ஸ் நகரத்தார் மக்கிய பலகைகளை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே வந்தார்கள். அது அதே கப்பல்தானா என்று தத்துவவாதிகள் இரண்டு கட்சியாகப் பிரிந்து வாதாடினார்கள். கப்பலோ படகோ ரயிலோ டிராமோ வைத்து ஓட்டுகிறவர்களுக்கு இந்தக் கேள்வி தத்துவமாக வருவதில்லை. மோட்டார் சூடேறுகிறது, ஒயரின் மேலுறை உரிகிறது, உதிரி பாகம் செய்த கம்பெனி மூடிப் பல வருடம் ஆகிவிட்டது, இனி என்ன வழி என்ற வடிவில் வருகிறது. அதற்குப் பல காலத்தில் பல பேர் சொன்ன விடைகளை, தென் கொல்கத்தாவின் டாலிகஞ்சை மையமாக வைத்து இக்கட்டுரை பரிசீலிக்கிறது.

டாலிகஞ்சைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. அந்தப் பெயரே போக்குவரத்தால் வந்தது. தூர்ந்து கிடந்த, கங்கையின் பழைய வழியான ஆதிகங்கையை வில்லியம் டாலி என்ற ராணுவ அதிகாரி 1770களில் தூர்வாரி, படகுகள் போக வழி செய்தார். டாலியின் கால்வாய் என்று அதற்குப் பெயர். பக்கத்துப் பகுதி டாலிகஞ்ச் ஆனது. 1902 மார்ச் 27 அன்று எஸ்பிளனேடிலிருந்து கிதிர்பூருக்கு மின்சார டிராம் ஓடத் தொடங்கியது. அடுத்த ஆண்டே காளிகாட் தடம் டாலிகஞ்ச் வரை நீண்டது. 1986 ஏப்ரலில் மெட்ரோ ரயில் வந்தது. 2009இல் அந்த மெட்ரோவைத் தெற்கே நீட்டியபோது, டாலி தூர்வாரிய அதே ஆதிகங்கையின் நடுவில் தூண்கள் எழுந்தன. படகு, டிராம், மெட்ரோ என்று மூன்று தலைமுறை வாகனங்களும், அவை ஒவ்வொன்றும் மூப்படைந்த விதமும் இங்கே ஒரே இடத்தில் காணக் கிடைக்கின்றன.

கொல்கத்தா டிராமை ஆசியாவின் முதல் மின்சார டிராம் என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. அது சரியல்ல. சென்னையில் 1895 மே மாதமே மின்சார டிராம் ஓடியது. 1953 ஏப்ரலில் சென்னை அதை நிறுத்தியது. பிற இந்திய நகரங்களிலும் டிராம் போயிற்று. கொல்கத்தாவில் மட்டும் இருந்தது. நமது கேள்விக்கு இந்த நீண்ட ஆயுள்தான் முக்கியமான சான்று.

பட்டறையின் விடை: ஓடும்வரை ஓட்டு

முதல் விடை ஏட்டில் எழுதப்பட்டதல்ல, பட்டறையில் பிறந்தது. எந்தப் பாகம் தேய்ந்ததோ அதை அங்கேயே வார்த்து, கடைந்து, மாட்டி, வண்டியை மறுபடி தடத்தில் ஏற்றுவது. கொல்கத்தா டிராமுக்கு இந்த வேலையைச் செய்துவந்தது நோனாபுகூர் பட்டறை. இந்திய ரயில்வேக்குப் பெரம்பூர், பொன்மலை, ஜமால்பூர் போன்ற பட்டறைகள். பிரிட்டிஷ் கம்பெனிகள் இங்கிலாந்திலிருந்து உதிரி பாகம் வர மாதக்கணக்கில் காத்திருக்க முடியாததால் பட்டறைகளைப் பெரிதாகக் கட்டின. சுதந்திரத்துக்குப் பிறகு அந்நியச் செலாவணித் தட்டுப்பாடும் இறக்குமதிக் கட்டுப்பாடும் அதே பழக்கத்தை இன்னும் இறுக்கின. இந்தியத் தொழிலாளியின் 'எதையும் சரிசெய்யும் கை' என்று இன்று வியந்து பேசப்படுவதில் பாதி, அந்தத் தட்டுப்பாட்டின் விளைவு.

இந்த விடை இவ்வளவு காலம் தாக்குப்பிடித்ததற்கு இயந்திரத்தின் அமைப்பும் ஒரு காரணம். பழைய டிராமுக்கு மேல்கம்பியில் 550 வோல்ட் நேர்மின்சாரம் வருகிறது. கூரைமேல் உள்ள நீண்ட கோல் அதை எடுத்துக் கீழே அனுப்புகிறது. ஓட்டுநர் கைப்பிடியைத் திருப்பும்போது கன்ட்ரோலர் பெட்டிக்குள் ஓர் உருளை சுழல்கிறது. அதன்மேல் பதித்த செம்புத் தகடுகளை விரல் போன்ற தொடுமுனைகள் தொட்டும் விட்டும் மோட்டார்களுக்குப் போகும் மின்சாரத்தைப் படிப்படியாகக் கூட்டுகின்றன. ஒவ்வொரு முறை விடும்போதும் சிறு பொறி பறக்கும், செம்பு கொஞ்சம் கரியும். பெட்டியைத் திறந்தால் எது கரிந்திருக்கிறது என்று கண்ணுக்கே தெரியும். அரத்தால் ராவலாம், ரொம்பத் தேய்ந்திருந்தால் புதுச் செம்பு வெட்டி வைக்கலாம்.

மோட்டாரும் அப்படியே. கம்யூட்டேட்டர் என்பது செம்புப் பட்டைகளை வட்டமாக அடுக்கி, இடையிடையே மைக்கா வைத்த உருளை. அதன்மேல் கார்பன் கட்டைகள் உரசிக்கொண்டே இருக்கும். செம்பு தேயும், மைக்கா கடினமானது, தேயாது. அது மேலே துருத்தி நின்றால் கார்பன் குதிக்கும், பொறி பறக்கும், கொஞ்ச நாளில் மோட்டார் கருகும். எனவே உருளையை லேத்தில் ஏற்றி மெலிதாகக் கடைந்து, பிறகு ஒவ்வோர் இடுக்கிலும் மைக்காவைச் செம்பின் மட்டத்துக்குக் கீழே அறுத்துத் தாழ்த்த வேண்டும். பொறுமையான வேலை இது. கை பழகியவர் செய்தால் மோட்டார் மேலும் பல ஆண்டு ஓடும். சுருள் எரிந்துபோனால் புதிதாகக் காயில் கட்டலாம். மோட்டாரில் எந்தப் பாகமும் மூடிய ரகசியமல்ல.

இந்த விடையின் பலவீனங்களையும் மறைக்கக் கூடாது. பணம் வற்றும்போது பழுது பார்ப்பது ஒன்றைப் பிரித்து மற்றொன்றில் மாட்டுவதாகச் சுருங்கிவிடும். பத்து வண்டியைக் காப்பாற்ற ஐந்து வண்டியைக் கழற்றுவார்கள். மறு வருடம் ஐந்தைக் காப்பாற்ற மூன்றைக் கழற்றுவார்கள். ஓடும் வண்டிகளின் எண்ணிக்கையை மட்டும் பார்ப்பவருக்கு இந்தச் சரிவு தாமதமாகவே தெரியும். பாதுகாப்பும் கவலைக்குரியது: பழைய மின்கருவிகளில் பொறி அணைக்கும் தட்டுகளில் ஆஸ்பெஸ்டாஸ் பரவலாக இருந்தது, அதை ராவுகிறவரின் நுரையீரலை யாரும் கணக்கில் வைக்கவில்லை. இன்னொரு பலவீனம் அறிவு சார்ந்தது. தொழில் மூத்தவரின் கையிலும் காதிலும் இருக்கும். அவர் ஓய்வுபெற்று, அந்த இடத்துக்கு ஆள் எடுக்கப்படாவிட்டால், தொழில் அவரோடு போய்விடும்.

கணக்கரின் விடை: செலவு ஏறினால் மாற்று

இரண்டாவது விடை பொருளாதாரத்திலிருந்து வந்தது. 1925இல் ஹெரால்ட் ஹாட்டலிங் தேய்மானம் பற்றி எழுதிய கணிதக் கட்டுரையும், 1949இல் ஜார்ஜ் டெர்போர்க் இயந்திர மாற்றக் கொள்கை பற்றி எழுதிய நூலும் இதற்கு அடித்தளம் என்று சொல்லலாம். இயந்திரம் பழகப் பழகப் பராமரிப்புச் செலவு ஏறும், முதலீட்டின் ஆண்டுச் சுமை இறங்கும். இரண்டின் கூட்டுத்தொகை மிகக் குறைவாக இருக்கும் ஆண்டே அதன் பொருளாதார ஆயுள். சுருக்கமாக இவ்வளவுதான். தெளிவான விடை, பல இடங்களில் சரியான விடையும்கூட. கொல்கத்தா மெட்ரோவின் முதல் பெட்டிகளைச் சென்னை பெரம்பூர் ஐசிஎஃப் தொழிற்சாலை கட்டியது. 1984 அக்டோபர் 24இல் எஸ்பிளனேடுக்கும் பவானிபூருக்கும் இடையே மெட்ரோ தொடங்கியபோது ஓடியவை அவைதான். குளிர்சாதனப் பெட்டிகள் 2010இல் வந்தன. பழைய பெட்டிகளுக்கு 2021 அக்டோபர் 24 அன்று, சரியாக 37 ஆண்டு நிறைவில், டாலிகஞ்ச் நிலையத்தில் விடை கொடுத்தார்கள். மகாநாயக் உத்தம் குமார் என்பது அந்த நிலையத்தின் இன்றைய பெயர். சுரங்கப் பாதையின் புழுக்கத்தில் பயணம் செய்தவர்கள் அந்த மாற்றத்தைக் குறை சொல்ல முடியாது.

ஆனால் கணக்கில் எதைச் சேர்க்கிறோம் என்பதைப் பொறுத்தே விடை மாறும். டிராமைப் பொறுத்தவரை நோனாபுகூரின் கூலியும் செம்பின் விலையும் மட்டும் கணக்கில் இல்லை. டிராம் டிப்போக்கள் நகரத்தின் விலையுயர்ந்த இடங்களில் உட்கார்ந்திருக்கின்றன. டாலிகஞ்ச் உள்ளிட்ட டிப்போக்களின் நிலத்தில் ஒரு பகுதியை 2010களில் நீண்டகாலக் குத்தகைக்கு விட அரசு முன்வந்தது. பழுது பார்க்கும் இடமே விற்பனைப் பொருளாகும்போது, பழுதுச் செலவை ஒப்பிடும் தராசின் ஒரு தட்டில் நிலத்தின் விலையும் ஏறிவிடுகிறது. ஹாட்டலிங்கின் கணிதத்துக்கு இதில் குறையில்லை; அதில் போடப்படும் எண்கள்தாம் வேறொரு வியாபாரத்திலிருந்து வருகின்றன. புகையில்லாப் பயணத்துக்கு எந்த விலையும் போடாமல் விடுவதும் இதே வகைத் தவறு.

காப்பாளரின் விடை: மூலத்தைத் தொடாதே

மூன்றாவது விடையின் வேர் கட்டடக் கலையில் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டு பிரான்சில் வியோலே லெ டுக், பழைய கட்டடத்தை அதன் நிறைவான வடிவுக்குக் கொண்டுவருவதே புதுப்பித்தல் என்றார். இங்கிலாந்தில் ஜான் ரஸ்கின் அதைக் கடுமையாக எதிர்த்தார். வில்லியம் மாரிஸ் 1877இல் தொடங்கிய சங்கம், புதுப்பிக்காதீர்கள், அன்றாடம் பேணுங்கள் என்றது. 1964இன் வெனிஸ் சாசனம் பெரும்பாலும் மாரிஸின் பக்கம் சாய்ந்தது. 1994இல் ஜப்பானின் நாரா நகரில் உருவான ஆவணம் ஒரு முக்கியமான திருத்தம் செய்தது: உண்மைத்தன்மை மூலப்பொருளில் மட்டுமல்ல, பயன்பாட்டிலும் கைத்திறனிலும் மரபிலும் இருக்கலாம் என்று ஏற்றது. மரக் கோயில்களைக் குறித்த காலத்தில் பிரித்துக் கட்டும் வழக்கமுள்ள நாட்டில் அப்படி ஒரு திருத்தம் வந்தது இயல்பு. பின்னர் ஓடும் நிலையிலுள்ள மரபுக் கப்பல்களுக்கு ஐரோப்பாவில் பார்சிலோனா சாசனம் எழுந்தது. கப்பல் ஓட வேண்டும், ஓடினால் தேயும், தேய்ந்தால் மாற்ற வேண்டும் என்ற நடைமுறையை அது மறுக்கவில்லை. மாற்றியதைப் பதிவு செய்யச் சொன்னது.

இந்த விடை வலுவற்றுப்போகும் இடம் அருங்காட்சியகம். எஸ்பிளனேடில் 1938இல் கட்டிய டிராம் வண்டியொன்றை 2014இல் 'ஸ்மரணிகா' என்ற பெயரில் சிறு காட்சியகமாக மாற்றினார்கள். போய்ப் பார்க்க வேண்டிய இடம்தான். ஆனாலும் நிற்கும் வண்டிக்கு லேத் வேண்டாம், காயில் கட்டுபவர் வேண்டாம், மேல்கம்பி பார்ப்பவர் வேண்டாம். பொருள் பிழைத்துக்கொள்கிறது, அதைப் பிழைக்க வைத்த தொழில் பிழைப்பதில்லை. நின்றுபோன மோட்டார் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். கொல்கத்தாவின் மழைக்காலம் போன்ற ஈரத்தில், ஓடாமல் கிடக்கும் சுருளின் காப்பு கெடும் வாய்ப்பு அதிகம். கரையில் கட்டிப்போட்ட படகு வைத்திருப்பவர்களும் இதையே சொல்வார்கள்.

ஒட்டுவேலையின் விடை: உடல் பழையது, உள்ளம் புதியது

நான்காவது விடை இன்று உலகின் பல இடங்களில் கையாளப்படுவது. தோற்றத்தையும் பயன்பாட்டையும் வைத்துக்கொண்டு உள்ளுறுப்பை மாற்றுவது. கொல்கத்தாவின் கார்டன் ரீச்சில் 1920களின் இறுதியில் கட்டிய மஹ்சூத், ஆஸ்ட்ரிச் என்ற துடுப்புச் சக்கரக் கப்பல்கள் வங்கதேசத்தில் 'ராக்கெட்' என்ற பேரில் ஓடின. நீராவி எந்திரத்தை எடுத்துவிட்டு டீசல் வைத்தபிறகு மேலும் பல ஆண்டுகள் உழைத்தன. 2022இல் பத்மா பாலம் திறந்த பிறகே சேவை நின்றது. பயணிகளுக்குச் சாலைவழி கிடைத்தது முக்கியக் காரணம். லிஸ்பனில் 1930களின் டிராம் உடல்களுக்கு 1990களில் புது மோட்டாரும் புது மின்கட்டுப்பாடும் பொருத்தி இன்றும் மேடேறும் தெருக்களில் ஓட்டுகிறார்கள். 2005இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய நீலகிரி மலை ரயிலுக்கு ஸ்விட்சர்லாந்திலிருந்து வந்த பழைய எக்ஸ் வகை எந்திரங்கள் தளர்ந்தபோது, பொன்மலைப் பட்டறை அதே வகையில் புது எந்திரங்களைக் கட்டிக்கொடுத்தது. அவற்றில் நிலக்கரிக்குப் பதில் எண்ணெய் எரிக்கும் எந்திரங்களும் உண்டு. ஹவுராவில் தொடங்கிய கிழக்கிந்திய ரயில்வேயின் 1855ஆம் ஆண்டு எந்திரமான இஐஆர் 21க்கு 2010இல் பெரம்பூர் பட்டறை மறுபடி உயிர் கொடுத்தது.

தமிழருக்கு இந்த விடை புதிதல்ல. கோயில் திருப்பணியில் பாலாலயம் அமைத்து, பழுதை நீக்கி, குடமுழுக்குச் செய்வது நெடுநாள் வழக்கம். திருவாரூர் ஆழித்தேர் பல ஆண்டு ஓடாமல் நின்று, 1970இல் மறுபடி ஓடியபோது, திருச்சி பெல் நிறுவனம் செய்த இரும்பு அச்சும் சக்கரமும் அதைத் தாங்கின. பின்னர் நீரியல் பிரேக்கும் வந்தது. இது பழைய தேர்தானா என்று வடம் பிடித்தவர் யாரும் கேட்கவில்லை. ஒடிசாவின் பூரியிலோ ஆண்டுதோறும் புதுத் தேர் கட்டுகிறார்கள். அங்கும் தொடர்ச்சி அறுந்ததாக யாரும் நினைப்பதில்லை. தீசியஸ் கப்பல் வாதம் ஏதென்சில் ஓயாததற்கும் இங்கே எழாததற்கும் காரணம், இங்கே அடையாளம் பலகையில் இல்லாமல் ஓட்டத்தில் வைக்கப்பட்டிருப்பதுதான் என்று தோன்றுகிறது. இது என் கணிப்பு. சமய ஆய்வாளர்கள் மறுக்கலாம்.

இந்த விடையின் மிகப் பெரிய சிக்கல், புதிய உள்ளுறுப்பு பழைய உடலைவிட முந்திச் செத்துப்போவது. இன்றைய மின்கட்டுப்பாட்டுப் பெட்டியில் மின்பகுபொருள் கெப்பாசிட்டர்கள் இருக்கும். அவற்றின் உள்ளேயுள்ள திரவம் மெல்ல உலரும். வெப்பம் 10 டிகிரி கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது பொறியாளர்கள் பின்பற்றும் பொது விதி. சித்திரை வெயிலில் மூடிய இரும்புப் பெட்டிக்குள் நிலவும் சூட்டை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கெப்பாசிட்டரையாவது ஈயம் உருக்கி எடுத்து வேறு வைத்துவிடலாம். அதன் பக்கத்திலுள்ள சில்லின் தயாரிப்பு நின்றுவிட்டால், அல்லது அதனுள் இருக்கும் மென்பொருளின் மூலம் தயாரிப்பாளரிடமே இல்லாமல் போனால், கொல்கத்தாவின் சாந்தினி சவுக்கிலோ சென்னையின் ரிச்சி தெருவிலோ எத்தனை கடை ஏறி இறங்கினாலும் பலனில்லை. கிடைப்பது பழைய பலகையிலிருந்து பிடுங்கி, மெருகேற்றி, புதிதென்று விற்கப்படும் சரக்காகவும் இருக்கலாம். 1902இன் செம்பு விரலை 2024இல் வெட்டி வைக்க முடிந்தது. 2010இன் கட்டுப்பாட்டுப் பலகையை 2060இல் யார் செய்து தருவார்கள்?

இதிலிருந்து பழையதே உயர்ந்தது என்று முடிவுகட்டக் கூடாது. உருளைக் கன்ட்ரோலர், வண்டி கிளம்பி வேகமெடுக்கும்போது மின்சாரத்தின் ஒரு பகுதியை மின்தடைகளில் சூடாக்கி வீணடிக்கும். புதிய மின்னணுக் கட்டுப்பாடு அதை மிச்சப்படுத்துவதோடு, பிரேக் போடும்போது மின்சாரத்தைத் திருப்பியும் அனுப்பும். எளிதில் பழுதுபார்க்கலாம் என்பதும் குறைந்த செலவில் ஓடும் என்பதும் ஒன்றையொன்று இழுக்கின்றன. எந்த விகிதத்தில் சமரசம் செய்வது என்பதற்கு எல்லோரும் ஒப்பும் விடை இல்லை.

சட்டத்தின் விடை: பழுதுபார்க்கும் உரிமை

ஐந்தாவது விடை இளையது. 2012இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநில வாக்காளர்கள் கார்களுக்குப் பழுதுபார்க்கும் உரிமையை ஏற்றார்கள். 2024இல் ஐரோப்பிய ஒன்றியம் வீட்டு உபயோகப் பொருட்களுக்கு விதி இயற்றியது. இந்தியாவில் நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் குழு அமைத்து, அந்த ஆண்டு இறுதியில் இணையதளமும் தொடங்கியது. வேளாண் கருவி, கைப்பேசி, வீட்டு மின்பொருள், வாகனம் ஆகிய நான்கும் அதன் பார்வையில் உள்ளன. நல்ல தொடக்கம். ஆயினும் இந்தச் சிந்தனை தனிமனித நுகர்வோரை நினைத்துப் பிறந்தது. ஒரு மாநகரம் வாங்கும் மின்சாரப் பேருந்து, மெட்ரோ, படகு ஆகியவற்றின் வரைபடமும் மென்பொருளும் நகரத்துக்குச் சேர வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதுவது பற்றிய விவாதம் நம் நாட்டில் இன்னும் வலுப்பெறவில்லை.

எஞ்சியிருப்பவை

ஐந்து விடைகளையும் டாலிகஞ்ச் டிப்போ வாசலில் வைத்துப் பார்த்தால் ஒன்று புலனாகிறது. கொல்கத்தா டிராம் சுருங்கியதற்கு அதன் மோட்டாரின் வயதை முதல் காரணமாகச் சொல்வது கடினம். பாலம் பழுது, மெட்ரோ கட்டுமானம், சாலை நெரிசல் என்று தடங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. 2020 மே மாதம் ஆம்பன் புயல் மேல்கம்பிகளை அறுத்தெறிந்தது. சில தடங்களில் அவை திரும்பக் கட்டப்படவே இல்லை. குதிரை டிராம் நாளிலிருந்து எண்ணி 2023இல் டிராமுக்கு 150 வயது ஆனபோது மிஞ்சியிருந்த சில தடங்களில் டாலிகஞ்ச்–பாலிகஞ்ச் தடம் ஒன்று. 2024 செப்டம்பரில் மாநில அரசு, எஸ்பிளனேடு–மைதானம் இடையிலான சிறு பகுதியை மட்டும் மரபுச் சின்னமாக வைத்துக்கொண்டு மற்றதை நிறுத்தப்போவதாக அறிவித்தது. டிராம் தொடர்பாகக் கல்கத்தா உயர் நீதிமன்றத்தில் நடந்த வழக்கை, சென்னையிலிருந்து சென்ற அன்றைய தலைமை நீதிபதி டி.எஸ். சிவஞானம் தலைமையிலான அமர்வு விசாரித்தது. தண்டவாளங்களைத் தார் போட்டு மூடுவதை நிறுத்துமாறு 2025 ஜனவரியில் உத்தரவிட்டது. வண்டியைப் பழுது பார்க்கத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். தடத்தைப் பழுது பார்க்கும் மனம் நிர்வாகத்தில் இல்லை என்பதே என் முடிவு. மறுதரப்புக்கும் வாதம் உண்டு: குறுகிய சாலையும் பெருகிய வாகனங்களும் உள்ள நகரத்தில் தெருநடுத் தண்டவாளம் விபத்துக்கும் நெரிசலுக்கும் இடம் தருகிறது என்கிறார்கள். அதை எளிதாகத் தள்ளிவிட முடியாது.

தீராத கேள்விகள் மூன்றேனும் உள்ளன. மென்பொருள் கட்டுப்படுத்தும் வாகனத்தை ஐம்பது ஆண்டு பேண முடியுமா என்பதற்கு இதுவரை போதிய நடைமுறைச் சான்று இல்லை. அந்த வயதை எட்டிய வாகனங்கள் மிக அரிது என்பதால் வாதங்கள் இருபக்கமும் பெரும்பாலும் ஊகமாகவே நிற்கின்றன. கைத்திறனை மரபுச் சொத்தாக ஏற்றால் அதற்கு யார் சம்பளம் தருவது என்பதற்கு நாரா ஆவணம் உட்பட மேலே பார்த்த எந்தச் சாசனமும் வழி சொல்லவில்லை. ஒரு நகரம் தன் வாகனத்தைக் கைவிடும்போது கணக்கில் எதெல்லாம் வர வேண்டும் என்பதிலும் உடன்பாடு இல்லை.

இந்த விவாதம் எப்படி முடிந்தாலும், ஒரு வேலைக்கு யாருடைய தீர்ப்பும் தேவையில்லை. நோனாபுகூரிலும் டாலிகஞ்சிலும் உள்ள வரைபடங்களையும், வார்ப்பு அச்சுகளையும், மைக்கா அறுத்துப் பழகிய கைகளின் முறைகளையும் இப்போதே படமெடுத்து, எழுதிப் பாதுகாக்க வேண்டும். சென்னை டிராமுக்கு 1953இல் இதை யாரும் செய்ததாகத் தெரியவில்லை. கொல்கத்தாவிலாவது செய்யுங்கள்.